மாவட்டம் வரைந்த ஆறு

சுவிட்சர்லாந்தின் தெற்கே வாலிஸ் மாநிலம். அதன் கிழக்குக் கோடியில் இருப்பது கோம்ஸ் மாவட்டம். அந்த மாவட்டத்தின் பழைய வரைபடத்தை விரித்தால் ஊர் எல்லைகள் நாடா நாடாகக் கிழித்து அடுக்கியதுபோல் தெரியும். ஒவ்வொரு ஊரின் எல்லையும் மலைமுகட்டில் தொடங்கி, கோடைக்கால மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் வயலையும் கடந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆற்றில் வந்து முடியும். இந்தக் கோடுகளை மன்னர் எவரும் அரண்மனையில் உட்கார்ந்து வரையவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அவை சென்று சேரும் ஆறும் சேர்ந்து போட்ட கோடுகள் இவை.

அந்த ஆறு ரோன். கோம்ஸ் மக்கள் தங்கள் ஜெர்மன் பேச்சுவழக்கில் ரோட்டன் என்பார்கள். 812 கிலோமீட்டர் ஓடி, ஜெனீவா ஏரியில் புகுந்து புறப்பட்டு, லியோன், ஆர்ல் நகரங்களைத் தொட்டு மத்தியதரைக் கடலில் கலக்கிற பேராறு. அதன் கரையில் உள்ள பெருநகரங்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஏறத்தாழ முதல் 40 கிலோமீட்டர்தான் இந்தக் கட்டுரையின் பொருள். அந்தத் தொலைவுக்குள் எட்டு ஊராட்சிகளின் வாழ்வும் ஆற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஒரு மாவட்டம் எப்படி உருவானது, எப்படி நிற்கிறது என்பதற்கு இந்த ஆறே சாட்சி.

பனியிலிருந்து புறப்பாடு

3,630 மீட்டர் உயரமுள்ள டம்மாஸ்டாக் சிகரத்தின் சரிவில் சேரும் பனி இறுகிப் பனியாறாகி, தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது. இதுதான் ரோன் பனியாறு. இதன் வாயிலிருந்து வெளிவரும் நீர் தெளிந்த நீர் அல்ல. பனியாறு தன் எடையால் பாறையை அரைத்து மாவாக்கிவிடுகிறது. அந்தப் பாறைமாவு கலந்து, நீர் சாம்பலும் வெண்மையுமாக வரும். கைநிறைய அள்ளினால் நீர் விரலிடுக்கில் வழிந்து போக, உள்ளங்கையில் நறநறக்கும் மண்படலம் தங்கும்.

இந்த நீருக்கு நாள்தோறும் ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகும். பிற்பகலிலும் மாலையிலும் ஆறு பெருகி இரையும். இரவின் குளிரில் அடங்கி, விடியற்காலையில் மெலிந்திருக்கும். கோடையில் மழையே இல்லாவிட்டாலும் ஆறு வற்றாது. பிற நதிகள் மழையை நம்பி ஏங்கும் மாதங்களில் ரோன் வெயிலை உண்டு வளர்கிறது.

உலகில் மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட பனியாறுகளில் இதுவும் ஒன்று. 1874இல் அளவையாளர்கள் இதன் முதுகின் குறுக்கே நிறம் பூசிய கற்களை வரிசையாக அடுக்கினார்கள். கறுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு வரிசைகள். ஆண்டுதோறும் வந்து அந்தக் கற்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்தார்கள். நேராக அடுக்கிய வரிசைகள் வில்லாக வளைந்தன. ஓரத்தைவிட நடுப்பகுதி வேகமாக நகர்கிறது என்பது அதிலிருந்து கண்கூடானது. பனியும் ஆறுதான், அதுவும் ஓடுகிறது என்று கற்கள் எழுதிக் காட்டின. இந்த அளவீடு 1915 வரை இடைவிடாது நடந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பனியாறு செங்குத்துப் பாறையின் மேலிருந்து அருவிபோல் தொங்கி, கீழே கிளெட்ச் சமவெளி வரை விரிந்து கிடந்தது. அதைக் காணத்தான் ஐரோப்பாவின் செல்வந்தர்கள் வந்தார்கள். 1,757 மீட்டர் உயரத்தில் உள்ள கிளெட்ச்சில் ஸைலர் குடும்பத்தார் நடத்திய பெரிய விடுதி எழுந்தது. 1882இல் ஃபுர்கா சாலையின் கொண்டை ஊசி வளைவிலேயே பெல்வெடேர் விடுதி எழுந்தது. அப்போது பனியாறு அந்த விடுதிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பனிக்குள் குகை குடைந்து பயணிகளை உள்ளே நடத்திச் செல்லும் வழக்கம் 1870 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தக் குகையை ஆண்டுதோறும் புதிதாகக் குடைய வேண்டும்.

இன்று அந்தப் பாறை வழுவழுப்பாக, வெறுமையாக நிற்கிறது. பனி பின்வாங்கி முகட்டுக்கு மேலே போய்விட்டது. அதன் முகப்பில் ஓர் ஏரி தேங்கியிருக்கிறது. குகை இருக்கும் பகுதியை மட்டும் கோடையில் வெள்ளைத் துணி போர்த்திக் காக்கிறார்கள். துணிக்கு அடியில் உள்ள பனி மெதுவாகக் கரைகிறது, சுற்றியுள்ளது வேகமாகக் கரைகிறது. பெல்வெடேர் விடுதி 2015 முதல் மூடிக் கிடக்கிறது.

மூன்று கணவாய்களின் ஊராட்சி

ரோன் பிறக்கும் இடமும் கிளெட்ச்சும் ஓபர்கோம்ஸ் ஊராட்சியைச் சேர்ந்தவை. ஓபர்வால்ட், ஓபர்கெஸ்டெல்ன், உல்ரிகன் ஆகிய மூன்று ஊர்கள் 2009 ஜனவரி 1 அன்று இணைந்து உருவான ஊராட்சி இது. சுவிட்சர்லாந்தில் இவ்வளவு சின்ன மக்கள்தொகைக்கு இவ்வளவு பெரிய நீர்ப்பொறுப்பு வேறெங்கும் வாய்த்திருக்குமா என்பது ஐயமே. கிழக்கே ஃபுர்கா கணவாயைத் தாண்டினால் ராய்ஸ் ஆற்றின் நீர் ரைனில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. வடக்கே கிரிம்சல் கணவாய்க்கு அப்பால் ஆரே ஆறு, அதுவும் ரைனுக்கே. தெற்கே 2,478 மீட்டர் உயரமுள்ள நுஃபெனன் கணவாய்க்கு அப்பால் டிசீனோ ஆறு போ நதியில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. ஒரே பனிமழை, விழும் சரிவைப் பொறுத்து மூன்று கடல்களுக்குப் பிரிகிறது.

கிளெட்ச்சிலிருந்து ஓபர்வால்டுக்கு ஆறு செங்குத்தான மலையிடுக்கில் பாய்ந்து இறங்குகிறது. அந்தச் சரிவைப் பயன்படுத்தும் நீர்மின் நிலையம் 2017 இறுதியில் இயங்கத் தொடங்கியது. மாநிலமும் ஊராட்சிகளும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் அதை நடத்துகிறது.

நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வாலிஸ் சட்டம் தரும் விடை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ரோன் ஆற்றின் நீருரிமை மாநிலத்துக்கு. பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் ஓடைகளின் நீருரிமை அந்தந்த ஊராட்சிக்கு. மின்சாரம் எடுக்க விரும்பும் நிறுவனம் ஊராட்சியிடம் அனுமதி பெற்று, நீருக்கான கட்டணத்தையும் செலுத்த வேண்டும். ஆகவே இங்கே ஓர் ஊராட்சி என்பது வீடுகளின் தொகுப்பு மட்டுமல்ல. அதன் ஓடையும் அந்த ஊராட்சிதான்.

ஓபர்வால்ட் 1,368 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆறு சமவெளியை எட்டி வேகம் தணிகிறது. மலைக்கு அடியில் 15.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபுர்கா ரயில் சுரங்கமும் இங்கேதான் வந்து திறக்கிறது. 1982இல் அது திறக்கப்படும்வரை குளிர்காலம் வந்தால் கிழக்கே போகும் வழி அடைபட்டுவிடும். பள்ளத்தாக்கின் மேல்முனை ஒரு முட்டுச்சந்தாகிவிடும். சுரங்கம் வந்த பிறகு ரயிலில் காரையும் ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுதும் போகலாம். மலைமேல் சென்ற பழைய தண்டவாளத்தை ஆர்வலர்கள் மீட்டெடுத்தார்கள். 2010 முதல் கோடையில் நீராவி ரயில் அதில் ரியால்ப்பிலிருந்து ஓபர்வால்ட் வரை முழுத்தொலைவும் ஓடுகிறது.

அடுத்த ஊர் ஓபர்கெஸ்டெல்ன். கோம்ஸின் மற்ற ஊர்களெல்லாம் மரவீடுகளாக இருக்க, இதில் மட்டும் கல்வீடுகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும். காரணம் துயரமானது. 1720 பிப்ரவரியில் இறங்கிய பனிச்சரிவு எண்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. 1868 செப்டம்பரில் பிடித்த தீ ஊரையே சாம்பலாக்கியது. மரத்தில் கட்டினால் இன்னொரு தீ இன்னொருமுறை எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று, ஊரைக் கல்லில் கட்டினார்கள்.

உல்ரிகனில் தெற்கிலிருந்து ஏகெனெ ஓடை வந்து ரோனில் கலக்கிறது. கிரிம்சலைக் கடந்து வந்த கோவேறுக் கழுதைகள் ஸ்ப்ரின்ஸ் பாலாடைக்கட்டிச் சுமையோடு இந்த ஓடையை ஒட்டி ஏறித்தான் கிரீஸ் கணவாய் வழியாக இத்தாலிக்குப் போயின. வணிகம் வந்த வழியில் படையும் வந்தது. 1211இலும் 1419இலும் உல்ரிகன் அருகே கோம்ஸ் மக்கள் வடக்கிலிருந்து வந்த படைகளைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார்கள். முதலில் வந்தவை ஸேரிங்கன் பிரபுவின் படைகள், பிறகு வந்தவை பெர்ன் படைகள்.

ஏகெனெ பள்ளத்தாக்கின் உச்சியில் உள்ள கிரீஸ் அணை நீரின் பயணம் மட்டும் வேறுவிதமானது. இயற்கையாக விட்டிருந்தால் அந்த நீர் உல்ரிகனுக்கு இறங்கி ரோனோடு மத்தியதரைக் கடலுக்குப் போயிருக்கும். 1960களில் கட்டிய அணையும் சுரங்கக் கால்வாய்களும் அதை மலைக்கு அப்பால் டிசீனோ பக்கத்து மின்நிலையங்களுக்குத் திருப்பிவிட்டன. ஓபர்கோம்ஸ் எல்லைக்குள் உருகும் பனி, மனிதன் போட்ட கணக்கால் ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது.

பன்னிரண்டு ஊர்கள், ஒரே சமவெளி

உல்ரிகனுக்குக் கீழே பள்ளத்தாக்கு அகன்று, ஆறு நிதானமாக நடக்கிறது. ஊர்கள் பெரும்பாலும் ஆற்றின் வலக்கரையில் தெற்கு நோக்கிய வெயில் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் நிழல், அங்கே காடு. கெஷினன், மூன்ஸ்டர், ரெக்கிங்கன், க்ளூரிங்கன், ரிட்ஸிங்கன், பீல், செல்கிங்கன், பிளிட்ஸிங்கன், நீடர்வால்ட் என்று ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. ஓர் ஊரின் தேவாலய மணிக்கூண்டைக் கடக்கும்போதே அடுத்த ஊரின் கூண்டு தென்பட்டுவிடும்.

ஊர்களின் இருப்பிடத்தைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். பக்கத்து ஓடை ஒவ்வொன்றும் மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து பள்ளத்தாக்கில் விசிறியாகக் கொட்டியிருக்கிறது. அந்த வண்டல்மேட்டில் வயல் போட்டால் விளையும். வீடு கட்டினால் ஓடை பெருகும் நாளில் அடித்துப்போகும். ஆற்றங்கரைக்கு இறங்கினால் வெள்ளம். மலையோரத்துக்கு ஏறினால் பனிச்சரிவு. இந்த மூன்று அபாயங்களுக்கும் தப்பும் குறுகிய இடத்தைத் தேடித் தேடித்தான் ஊர்கள் நெருக்கமாகக் குவிந்தன. நல்ல நிலத்தை வீடு விழுங்கிவிடக் கூடாது என்ற கவலையும் அதில் சேர்ந்திருந்தது.

அந்த வீடுகளைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். லார்ச் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று கவ்வவிட்டிருப்பார்கள். பல நூறாண்டு வெயில் பட்ட பக்கம் கன்னங்கரேலென்றும், வெயில் படாத பக்கம் சாம்பல் நிறத்திலும் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே தானியக் களஞ்சியம். குட்டையான மரக்கால்கள்மேல் நிற்கும் அந்தக் களஞ்சியத்துக்கும் காலுக்கும் நடுவே வட்டமான தட்டைக்கல் ஒன்று இருக்கும். காலில் ஏறிவரும் எலி, கல்லின் அடிப்பக்கத்தை எட்டியதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடக்க வேண்டும். முடியாது, விழுந்துவிடும். பூட்டும் சாவியும் காக்க முடியாத தானியத்தை நாலைந்து கற்கள் காத்தன. அந்த உயரத்தில் விளைந்த ரை என்ற தானியம்தான் ஊரின் ரொட்டி. அதை இழந்தால் குளிர்காலத்தில் பட்டினி.

மூன்ஸ்டர் மேல்கோம்ஸின் தலையூர். இதன் தேவாலயத்தில் லூசர்ன் சிற்பி யோர்க் கெல்லர் 1509இல் செதுக்கிய பலிபீடம் இருக்கிறது. 1779 நவம்பரில் கவிஞர் கெதே, வைமார் கோமகனோடு இந்த வழியாக நடந்து, பனி மூடிய ஃபுர்காவைக் கடந்தார். அதே மூன்ஸ்டரில் 1987 ஆகஸ்டில் ஓடை பெருக்கெடுத்துக் கல்லும் சேறுமாக ஊருக்குள் புகுந்தது. பலிபீடம் செய்யும் அளவுக்குச் செல்வத்தையும், ஊருக்குள் பாயும் சேற்றையும் ஒரே மலைதான் தந்தது.

ரெக்கிங்கன் 18ஆம் நூற்றாண்டில் ஆர்கன் இசைக்கருவிகள் செய்வதற்கும் மணி வார்ப்பதற்கும் பேர்போன ஊர். கார்லன், வால்பன் குடும்பத்தாரின் கைவேலை இந்த ஊருக்கு வெளியேயும் ஒலித்தது. 1970 பிப்ரவரி 24 விடியற்காலையில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தபோது இறங்கிய பனிச்சரிவு இராணுவக் குடியிருப்பையும் வீடுகளையும் நொறுக்கி 30 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு ஊரைக் காக்கத் தடுப்புகள் எழுந்தன. 1999 பிப்ரவரியில் தொடர்ந்து பனி கொட்டியபோது பள்ளத்தாக்கு நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டது. கோம்ஸில் வாழ்வது என்றால் மலையோடு உடன்படிக்கை செய்துகொண்டு வாழ்வது. அந்த உடன்படிக்கையை மலை அவ்வப்போது மீறும்.

சமவெளியின் கீழ்க்கோடியில் நீடர்வால்ட். 1850இல் ஓர் எளிய குடும்பத்தில் 13ஆவது பிள்ளையாக இங்கே பிறந்தவர் செசார் ரிட்ஸ். 1898இல் பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில் அவர் திறந்த விடுதியும், 1906இல் லண்டனில் அவர் பெயரில் எழுந்த விடுதியும் சொகுசு என்பதற்கே இலக்கணமாயின. ஆற்றோடு பள்ளத்தாக்கைவிட்டு இறங்கிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ரிட்ஸ் அவர்களில் பேர் பெற்றவர். அவர் உடல் கடைசியில் நீடர்வால்ட் மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் இறங்கிப்போனதன் விளைவை ஊராட்சிக் கணக்கில் பார்க்கலாம். 1999இல் கோம்ஸ் மாவட்டத்தில் 21 ஊராட்சிகள் இருந்தன. சிலவற்றின் மக்கள்தொகை நூறைக்கூடத் தொடவில்லை. பள்ளி நடத்த வேண்டும், சாலையில் பனி அகற்ற வேண்டும், பனிச்சரிவுத் தடுப்புகளைப் பராமரிக்க வேண்டும். ஊராட்சி மன்றத்தில் உட்கார ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2000இல் பீல், ரிட்ஸிங்கன், செல்கிங்கன் மூன்றும் கிராஃப்ஷாஃப்ட் ஆயின. 2004இல் மூன்ஸ்டரும் கெஷினனும் சேர்ந்தன, ரெக்கிங்கனும் க்ளூரிங்கனும் சேர்ந்தன. 2017 ஜனவரி 1 அன்று இவற்றோடு பிளிட்ஸிங்கனும் நீடர்வால்டும் கலந்து, மாவட்டத்தின் பெயரையே தாங்கிய கோம்ஸ் ஊராட்சி பிறந்தது. மேல்சமவெளியின் பன்னிரண்டு ஊர்கள் இப்படி இரண்டு ஊராட்சிகளாகிவிட்டன.

இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்பெயர்கள் அழியவில்லை. தேவாலயமும் களஞ்சியமும் அங்கேயே இருக்கின்றன. ஒரே ஆற்றின் கரையில் தனித்தனி வண்டல்மேடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் ஆறு ஒன்றே என்பதை நிர்வாகத்திலும் ஒப்புக்கொண்டார்கள்.

பாலம் இணைத்த இரு கரைகள்

நீடர்வால்டைத் தாண்டியதும் ஆற்றின் குணம் மாறுகிறது. சமவெளி முடிந்து, லாமா என்ற ஆழமான மலையிடுக்கில் ரோன் இறங்குகிறது. வலப்பக்கம் 1,560 மீட்டர் உயரத்தில் வெயில் பார்த்த மேடைமேல் பெல்வால்ட் ஊராட்சி. இடப்பக்கம் எர்னன் ஊராட்சி. கண்ணுக்கெதிரே தெரியும் ஊருக்குப் போக மலையிடுக்கில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. 2015இல் 280 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலம் ஒன்று, ஆற்றுக்கு 92 மீட்டர் மேலே, பெல்வால்டின் ஃபுர்கங்கனையும் எர்னனின் மூலெபாக்கையும் இணைத்தது.

மூலெபாக்கின் மரவீடுகள் நாட்டிலேயே மிகப் பழையவற்றில் சேரும். 1465 வாக்கில் இந்தச் சிற்றூரில் பிறந்த மத்தேயுஸ் ஷினர் சியோன் மறைமாவட்ட ஆயரானார், கர்தினாலானார், போப்பாண்டவர்களுக்காகச் சுவிஸ் படைகளைத் திரட்டினார், ரோம் நகரில் 1522இல் மறைந்தார்.

எர்னன் கீழ்க்கோம்ஸின் தலையூர். வாலிஸ் குடியரசாக இருந்த காலத்தில் அதை ஆண்டவை ஏழு ‘ஸெண்டன்’கள். தாமே சட்டம் செய்து, தாமே நீதி வழங்கிய சமூகங்கள் அவை. கோம்ஸ் அவற்றுள் ஒன்று. அதன் அதிகார இருக்கை எர்னனுக்கும் மூன்ஸ்டருக்கும் மாறி மாறிச் சென்றது. மேல்சமவெளிக்கும் கீழ்ச்சரிவுக்கும் இடையில் ஆறு போட்ட படியைத்தான் அரசியலும் பின்பற்றியது. எர்னனுக்கு வெளியே குன்றின்மேல் நிற்கும் தூக்குமேடையின் மூன்று கல்தூண்கள் அந்த நீதியின் கடுமையை இன்றும் காட்டுகின்றன. ஊர்ச்சதுக்கத்தில் உள்ள டெல் இல்லத்தின் சுவரில் 1578இல் தீட்டிய வில்லியம் டெல் கதை ஓவியங்கள் இருக்கின்றன. ஹங்கேரியப் பியானோ கலைஞர் ஜியார்ஜி ஷெபோக் 1974இல் இங்கே இசைப்பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கோடை இசைவிழாவால் எர்னன் இன்று இசையூர் என்று அறியப்படுகிறது. ஊரின் பழமையைப் பேணியதற்காக 1979இல் நாட்டின் வாக்கர் பரிசு எர்னனுக்குக் கிடைத்தது.

பனியிடம் செய்த நேர்த்திக்கடன்

ஃபீஷ் ஊரில் வடக்கிலிருந்து வைஸ்வாஸர் ஓடை வந்து ரோனில் சேர்கிறது. அந்த ஓடையின் மேல்பகுதி முழுதும் ஃபீஷர்டால் ஊராட்சி. மக்கள் சில நூறு பேர். பரப்பளவோ 170 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி பனியும் பாறையும்தான். 4,274 மீட்டர் உயரமுள்ள ஃபின்ஸ்டரார்ஹார்ன் சிகரம் இதன் வடக்கு எல்லை. ஆல்ப்ஸின் மிகப்பெரிய பனியாறான அலெட்ச்சின் மேல்பகுதியும் இதற்குள் வருகிறது. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது.

அங்கே 1877இல் கட்டிய கோன்கோர்டியா மலைக்குடில் ஒன்று உண்டு. கட்டியபோது பனியிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஏறினால் போதும். பனியின் மட்டம் தாழத் தாழ, பாறையில் இரும்புப் படிக்கட்டுகளை நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

இந்த மண்ணின் மக்கள் ஒரு காலத்தில் பனி வளர்வதைக் கண்டு நடுங்கினார்கள். பனியாறுகள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கின. அலெட்ச் பனியே கரையாக நின்று தேக்கிய மெர்யெலன் ஏரி உடைந்து பெருக்கெடுத்தது. 1678இல் ஃபீஷ், ஃபீஷர்டால் மக்கள் ஒழுக்கமாக வாழ்வதாகவும் பனி வளராதிருக்க வேண்டுவதாகவும் கடவுளிடம் நேர்ந்துகொண்டார்கள். 1862 முதல் ஆண்டுதோறும் ஊர்வலமும் போனார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக அந்த வேண்டுதல் தொடர்ந்தது. பனி வளர்வது நின்றது. பிறகு கரைந்து ஓடத் தொடங்கியது.

இப்போது வேண்டுதலையே மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் முன்னோர் செய்த நேர்ச்சையைத் தாமாக மாற்றும் உரிமை ஊராருக்கு இல்லை. எனவே வத்திக்கானிடம் விண்ணப்பித்தார்கள். 2010இல் அனுமதி வந்தது. பனி போதும் என்று மன்றாடியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பனி போய்விடக் கூடாது என்று மன்றாடுகிறார்கள். காலநிலை மாற்றம் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கலாம். ஊர் கூடி நேர்த்திக்கடனையே திருப்பி எழுதியதைவிட அதற்கு வலுவான ஆவணத்தை நான் அறியேன்.

மாவட்டத்தைவிட்டு

ஃபீஷைக் கடந்தால் லாக்ஸ், 1,039 மீட்டர் உயரத்தில் மாவட்டத்தின் கடைசி ஊராட்சி. அதற்குக் கீழே டைஷ்பெர்க் என்ற பெரும்படியில் பள்ளத்தாக்கு சட்டென்று இறங்குகிறது. ரயிலே நேராக இறங்க முடியாமல் மலைக்குள் சுழல் சுரங்கத்தில் சுற்றி இறங்குகிறது. பழங்காலம்தொட்டு இந்தப் படிதான் கோம்ஸின் கதவு. அங்கே தென்கிழக்கிலிருந்து பின்னா ஓடை வந்து சேர்கிறது. அதன் மேல்பகுதிதான் பின் ஊராட்சி. அங்குள்ள லெங்கன்பாக் சுரங்கத்தின் வெண்ணிற டோலமைட் பாறையில் உலகில் வேறெங்கும் அதற்குமுன் காணப்படாத கனிமங்கள் பல கிடைத்திருக்கின்றன. 1960களில் மலையைக் குடைந்து சாலை அமையும்வரை, குளிர்காலப் பனிச்சரிவுகள் ட்விங்கி மலையிடுக்கை மூடும்போதெல்லாம் பின் மக்கள் தனித்துவிடப்பட்டார்கள்.

இந்தப் படியில் ரோன் கோம்ஸைவிட்டுப் போகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கீழே இறங்கி, பிரிக் நகரை நோக்கி விரைகிறது. ஃபீஷர்டால் எல்லைக்குள் உருகிய அலெட்ச் நீரும் மாஸா ஆறாகப் பிரிக் அருகே அதனோடு வந்து கலக்கிறது.

இந்த ஆற்றின் எதிர்காலம் குறித்த செய்திகள் கவலை தருபவை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்தன. ரோன் பனியாற்றின் பெரும்பகுதி இந்த நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துவிடும் என்கின்றன கணிப்புகள். பனி போனாலும் ஆறு போய்விடாது. மழையும் குளிர்காலப் பனியும் அதற்கு நீர் தரும். ஆனால் அதன் நடை மாறிவிடும். வசந்தத்தில் முந்திக்கொண்டு பெருகும், கோடையின் கடைசியில் மெலியும். பிற நதிகள் ஏங்கும் மாதத்தில் கைகொடுத்த ஆறு தானும் ஏங்கத் தொடங்கும். மின்நிலையமும் பிரெஞ்சு வயல்களும் அந்தக் கோடை நீரைக் கணக்கில் வைத்தே இயங்குகின்றன. பனி விட்டுச்செல்லும் தளர்ந்த கல்லும் மண்ணும் கனமழை நாளில் ஓடைகளில் இறங்கும். 1987இல் மூன்ஸ்டர் கண்டது இனி அடிக்கடி நேரலாம்.

இன்றைய வாலிஸ் நிர்வாகத்தில் மாவட்டத்துக்கு அதிக அதிகாரம் இல்லை. முடிவெடுப்பவை மாநிலமும் ஊராட்சிகளும்தான். ஆற்று நீர் மாநிலத்துக்கு, ஓடை நீர் ஊராட்சிக்கு என்ற பழைய பங்கீடு பனி நிறைந்திருந்த காலத்துக்கு ஏற்றதாக இருந்தது. நீர் குறைந்து, ஓடைகள் சீறும் காலத்தில் எந்த ஊராட்சியும் தன் ஓடையைத் தனியாகக் காக்க முடியாது. மேலே ஓபர்கோம்ஸ் எவ்வளவு நீரைத் தேக்குகிறது என்பதும் எந்தச் சரிவில் தடுப்பு எழுகிறது என்பதும் கீழே லாக்ஸ்வரை எல்லோரையும் பாதிக்கும். 21 ஊராட்சிகள் எட்டாகியபோது கோம்ஸ் மக்கள் ஓர் எல்லையை இழந்தால் ஊர் அழிந்துவிடாது என்று கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கும் சாலைக்கும் பயன்பட்ட அந்தப் பாடத்தை இனி நீருக்கும் பயன்படுத்த வேண்டும். எட்டு ஊராட்சிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து நீர்க்கணக்கு எழுதினால், கோம்ஸ் என்ற மாவட்டத்துக்கு அதன் பழைய ஸெண்டன் காலத்துப் பொறுப்பு மீண்டும் கிடைக்கும். அதற்கான அனுபவமும் துணிவும் அந்த மக்களிடம் உண்டு என்பதை அவர்களுடைய எண்ணூறாண்டு வரலாறே சொல்கிறது.